தலைநகரின் குதிரை லாயங்கள்: கண்காணிப்பது யார்?

புது தில்லி: 2023 செப்டம்பர் 26-ஆம் தேதி, சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், குதிரையேற்றத்தின் 'டிரஸாஜ்' அணிப் பிரிவில் இந்தியா தங்கப் பதக்கம் வென்றது. சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் விபுல் சேடா, அனுஷ் அகர்வாலா ஆகிய நால்வர் ஈட்டித் தந்த அப்பதக்கம், 1982-இல் தில்லியில் நடைபெற்ற ஆசியப் போட்டிக்குப் பிறகு இவ்விளையாட்டில் நாட்டுக்குக் கிடைத்த முதல் தங்கமாகும். இடைவெளி 41 ஆண்டுகள். நால்வரும் பயிற்சி பெற்றது ஐரோப்பாவில். அவர்கள் ஏறிச் சென்ற குதிரைகளும் அங்குள்ள லாயங்களில் வளர்ந்தவையே.

இந்தியாவில் வாழும் ஒரு குதிரையை வெளிநாட்டுப் போட்டிக்குக் கொண்டு செல்வதற்கு நோய்த் தடுப்பு விதிமுறைகள் நெடுங்காலமாகத் தடையாக இருந்து வந்துள்ளன. 2025 ஜூலை 3-ஆம் தேதிதான், மீரட் ராணுவக் குடியிருப்பில் உள்ள ராணுவக் கால்நடை மருத்துவப் படையின் மையத்தை, நாட்டின் முதலாவது 'குதிரை நோயற்ற வளாகமாக' உலக விலங்கு சுகாதார அமைப்பு அங்கீகரித்தது. தில்லியிலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில், ஒரு வேலிக்குள் மட்டும் கிடைத்திருக்கும் இந்த அங்கீகாரம், வேலிக்கு வெளியே உள்ள லாயங்களின் நிலை என்ன என்ற கேள்வியையும் உடன் எழுப்புகிறது.

அக்கேள்வி சர்வதேசப் போட்டியாளர்களுக்கு மட்டும் உரியதன்று. எட்டு வயதுப் பிள்ளையை ஞாயிறுதோறும் சவாரி பழக அனுப்ப விரும்பும் பெற்றோருக்கும், ஆசைப்பட்டு ஒரு குதிரையை வாங்கிவிட்டு அதை மாதக் கட்டணத்துக்கு லாயத்தில் விட இடம் தேடுபவருக்கும் அது உரியதே. தலைநகரிலும் அதனைச் சூழ்ந்த ஹரியாணா, உத்தரப் பிரதேசப் பகுதிகளிலும் எந்த லாயம் நல்ல லாயம் என்று சொல்வதற்கு அரசுத் தரப்பில் ஒரு பட்டியலோ, தர நிர்ணயமோ இல்லை.

தில்லியில் குதிரை என்றதும் குடியரசு தின அணிவகுப்பில் வரும் குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையும், 61-ஆவது குதிரைப் படையும் நினைவுக்கு வருவது இயல்பு. முதலாவது படை, 1773-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காசியில் அமைத்தது. அந்த ராணுவ மரபின் நிழலில்தான் தலைநகரின் பந்தயத் திடலும், போலோ மைதானமும், ராணுவக் குடியிருப்பிலும் சஃப்தர்ஜங் சாலையிலும் இருந்த சவாரி மன்றங்களும் வளர்ந்தன. நகரின் நடுவே விலை மதிப்பற்ற அரசு நிலத்தில் அமைந்த இவ்வுலகில் நுழைவதற்கு உறுப்பினர் பட்டியலும், பதவியும், அறிமுகமும் தேவை. அங்கு இடம் கிடைக்காதவர்கள் செல்லும் திசை வேறு. சத்தர்பூர், பிஜ்வாசன், குருகிராம்-ஃபரீதாபாத் சாலை, நொய்டாவின் யமுனைக் கரை எனப் பண்ணை வீடுகள் மிகுந்த பகுதிகளில் செயல்படும் தனியார் பள்ளிகளே அவர்களுக்கு வழி. அவற்றுள் மிகச் சிறந்தவையும் உண்டு. ஆறு குதிரைகளைத் தகரக் கொட்டகையில் கட்டிவைத்து 'அகாதெமி' என்று பலகை மாட்டியவையும் உண்டு. வாசலில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

நாய்க்கு விதி உண்டு, குதிரைக்கு?

நாய் வளர்த்து விற்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2017-இல் மத்திய அரசு விதிகளை வகுத்தது. வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடைகளுக்கு 2018-இல் விதிகள் வந்தன. பொதுமக்கள் கூடும் காட்சிகளிலும் திரைப்படங்களிலும் பயன்படும் விலங்குகளுக்கு 2001-ஆம் ஆண்டின் பதிவு விதிகள் உள்ளன. இவை அனைத்தும் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பிறந்தவை. ஆனால், கட்டணம் வாங்கிக்கொண்டு அரை டன் எடையுள்ள ஒரு விலங்கின் முதுகில் குழந்தையை ஏற்றிவிடும் பள்ளிக்கெனத் தனியே உரிம விதிகள் வகுக்கப்படவில்லை. குதிரைப் படை மரபை நமக்கு விட்டுச் சென்ற பிரிட்டன், தன் நாட்டில் சவாரி நிலையங்களுக்கு உரிமத்தையும் கால்நடை மருத்துவர் ஆய்வையும் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது 1964-இல். நாம் அணிவகுப்பை வைத்துக்கொண்டோம், ஆய்வை எடுத்துக்கொள்ளவில்லை.

விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, நோயுற்ற, காயமுற்ற, முதுமையால் தளர்ந்த விலங்கை வேலைக்குப் பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. முதல் முறை குற்றத்துக்கு அபராதம் குறைந்தது 10 ரூபாய், கூடினால் 50 ரூபாய். இத்தொகையை உயர்த்துவதற்கான சட்டத் திருத்த வரைவை 2022 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. வரைவு வந்த பின்னரும் 50 ரூபாய் 50 ரூபாயாகவே நீடித்தது. தில்லியில் ஒரு மணி நேர சவாரிப் பாடத்துக்கு வாங்கும் கட்டணத்தில் இது எத்தனையில் ஒரு பங்கு என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இச்சட்டத்தின் கீழ் ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1962-இல் அமைக்கப்பட்ட இந்திய விலங்குகள் நல வாரியம், அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சென்னையிலிருந்து இயங்கியது. 2018-இல் அது ஹரியாணாவின் பல்லப்கருக்கு இடம் மாற்றப்பட்டபோது தமிழகத்தில் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. தலைநகருக்கு அருகில் இருந்தால் நிர்வாகம் எளிதாகும் என்பது மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். வாரியத்தின் அலுவலகத்திலிருந்து குருகிராம் சாலையின் பண்ணை வீடுகள் இன்று ஒரு மணி நேரப் பயணத் தொலைவில்தான் உள்ளன.

ஆகவே, ஆய்வாளரின் வேலையைப் பெற்றோரும் குதிரை உரிமையாளரும்தான் செய்தாக வேண்டியிருக்கிறது. அதற்குக் கால்நடை மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. மூக்கும் கண்ணும் போதும்.

லாயத்துக்குள் நுழைந்ததும் கண் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீர் ஊறிய படுக்கையிலிருந்து எழும் அமோனியா நெடி நமக்கு ஒரு நிமிட எரிச்சல்; நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் அதனுள் நிற்கும் குதிரைக்கு அது நுரையீரல் நோய். நவம்பர் மாதத்தில் தில்லியின் காற்று எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த மாதத்தில் உலர்புல்லை நனைத்துத் தூசி நீக்கிப் போடுகிறார்களா, காற்று மிக மோசமான நாட்களில் பாடங்களை நிறுத்துகிறார்களா என்று கேட்பது நல்லது. ஒரு குதிரைக்குத் தரப்படும் தனி அறை ஏறத்தாழ 12 அடிக்கு 12 அடி இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. அது படுத்து, புரண்டு, மீண்டும் எழ வேண்டும். இரு பக்கமும் கயிற்றால் கட்டி நிறுத்தப்பட்ட குதிரைகள் மட்டுமே உள்ள இடத்தில், அவை நாளில் எத்தனை மணி நேரம் அவிழ்த்துவிடப்படுகின்றன என்ற கேள்வி அவசியமாகிறது.

அடுத்து, தீவனம். வேலை செய்யும் குதிரை தன் உடல் எடையில் 100-க்கு 2 பங்கு அளவுக்கு நாள்தோறும் உலர் தீவனம் உண்ண வேண்டும். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது சுமார் 8 கிலோ. அதில் பெரும்பகுதி புல்லாகவே இருக்க வேண்டும். குதிரையின் இரைப்பை சிறியது. நாள் முழுவதும் சிறிது சிறிதாக மேய்வதற்கென்றே அமைந்தது. மேலும், குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. பூசணம் பிடித்த புல்லோ, ஒரே வேளையில் கொட்டிய தானியமோ வயிற்றில் சிக்கினால் சில மணி நேரத்தில் உயிர் போகும். எனவே, வரவேற்பறையைக் காட்டுபவரிடம் தீவன அறையைக் காட்டுமாறு கேட்க வேண்டும். குதிரை மசால், ஓட்ஸ் புல், வாற்கோதுமை, கொண்டைக்கடலை, தவிடு ஆகியவை எலி நுழையாத இடத்தில் உலர்ந்து கிடந்தால் அது நல்ல அறிகுறி. கோதுமை வைக்கோல் தூள் மட்டும் மலைபோல் குவிந்திருந்தால், குதிரையின் வயிறு நிறைகிறது, உடல் நிறையவில்லை என்று பொருள்.

இவ்விடத்தில் ஒரு பழங்கதை நினைவுக்கு வருகிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் பயணி மார்க்கோ போலோ, அரபுக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறக்குமதியாவதையும், ஆண்டு முடிவில் அவற்றுள் சிலவே உயிரோடு எஞ்சுவதையும் வியப்போடு எழுதி வைத்தார். சோறும் இறைச்சியும் கலந்து ஊட்டியதும், குதிரையைப் பேணத் தெரிந்தவர்களும் லாடம் கட்டத் தெரிந்தவர்களும் இல்லாததுமே அவர் கண்ட காரணங்கள். குதிரை விற்ற வணிகர்கள் அத்தகைய கைவினைஞரைத் தம்முடன் அழைத்து வராமல் பார்த்துக்கொண்டனர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும்!

லாடம் இன்றும் ஒரு லாயத்தின் மனசாட்சி எனலாம். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு முறை குளம்பைச் செதுக்கி லாடம் மாற்ற வேண்டும். ஏதேனும் ஒரு குதிரையின் காலைத் தூக்கிக் காட்டச் சொன்னால் போதும். குளம்பின் அடியில் கறுத்த கசிவும் அழுகல் நாற்றமும் இருந்தால், அது பல நாட்கள் ஈரத்தில் நின்றிருக்கிறது. குளம்பு நீண்டு முன்னோக்கி வளைந்திருந்தால், லாடம் கட்டுபவர் வந்து வெகு நாட்களாகிவிட்டன. குதிரை காலைத் தயக்கமின்றித் தருவதும் கவனிக்கத்தக்கது. அன்றாடம் காலைத் தொட்டுத் துடைக்கும் ஒருவர் அங்கு இருக்கிறார் என்பதற்கு அதுவே சான்று.

சேணத்தை எடுத்த பிறகு முதுகைப் பார்க்க வேண்டும். நிறம் மாறி வெளுத்த மயிர்த் திட்டுகள் ஆறிப்போன பழைய புண்களின் தடம். ஈரமான புண் இருந்தால் அக்குதிரையை அன்று பாடத்துக்குக் கொண்டு வந்ததே குற்றம். வாயின் இரு ஓரங்களையும் பார்க்க வேண்டும். முட்கள் பதித்த கடிவாளத்தை 1965-ஆம் ஆண்டின் விதிகளே தடை செய்துள்ளன. இருந்தும் வட இந்தியாவில் திருமண ஊர்வலக் குதிரைகளிடமிருந்து அவை தொடர்ந்து பறிமுதல் செய்யப்படுகின்றன. இரும்பு முள் இல்லாத கடிவாளத்தாலும் வாயைக் கிழிக்க முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். கை முரடாக இருந்தால் போதும்.

முதல் வருகை முன்னறிவிப்போடு அமையலாம். இரண்டாவது வருகை சொல்லாமல், மாலை மங்கிய பிறகு இருக்கட்டும். மாணிக்கவாசகர் கதையில் பகலில் பரியாக நின்றவை இரவில் நரியாயின. அது சிவபெருமானின் திருவிளையாடல். இங்கு காலியான தண்ணீர்த் தொட்டியும், அணைந்துபோன மின்விசிறியும், இரவுக் காவலுக்கு ஆளில்லாத கொட்டகையும் தென்பட்டால் அதற்கு அப்படியொரு விளக்கம் தர இயலாது.

வடக்கே 'சாயிஸ்' என்றழைக்கப்படும் குதிரைக்காரரிடம் பேசுவது மிக முக்கியம். உரிமையாளர் முன்னிலையில் அல்ல, தனியே. ஒருவர் எத்தனை குதிரைகளைக் கவனிக்கிறார்? மூன்று அல்லது நான்கு என்றால் சமாளிக்கலாம். எட்டு என்றால் சாணத்தை அள்ளுவதற்கே பொழுது போய்விடும். பெரும்பாலான சாயிஸ்கள் வெளி மாநிலத்தவர். லாயத்தின் ஒரு மூலையிலேயே உறங்குபவர்கள். விடியற்காலை 4 மணிக்குத் தீவனம் வைப்பவரும், நள்ளிரவில் குதிரை வயிற்றுவலியால் புரளும்போது முதலில் ஓடி வருபவரும் அவரே. அவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் வழங்கப்படுகிறதா, வார விடுமுறை உண்டா, உதை பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்ற கேள்விகளைச் சவாரிக்கு வரும் வசதி படைத்த குடும்பங்கள் கேட்பதில்லை. ஆண்டுக்கு மூன்று முறை சாயிஸ்கள் மாறும் லாயத்தில், எந்தக் குதிரை எதைத் தின்றால் வயிறு வீங்கும் என்பதை அறிந்தவர் யாரும் இருக்கமாட்டார்.

ஒரு சொட்டு ரத்தமும் ஒரு தாளும்

காகிதங்களில் முதலாவதாகக் கேட்க வேண்டியது 'கிளாண்டர்ஸ்' பரிசோதனை அறிக்கை. குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகியவற்றைத் தாக்கும் இந்த பாக்டீரியா நோய் மனிதருக்கும் தொற்றும், உயிரையும் பறிக்கும். நெடுநாள் இல்லாதிருந்து 2006-இல் மகாராஷ்டிரத்தில் மீண்டும் தலைகாட்டிய இந்நோய், பின்னர் வடமாநிலங்கள் பலவற்றில் பரவி, 2017-18 குளிர்காலத்தில் தில்லியிலும் கண்டறியப்பட்டது. இதற்குத் தடுப்பூசியும் இல்லை, குதிரைக்குச் சிகிச்சையும் அனுமதிக்கப்படுவதில்லை. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் நோயை உறுதி செய்துவிட்டால், 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்கள் தடுப்புச் சட்டத்தின்படி அக்குதிரையைக் கருணைக்கொலை செய்து புதைக்க வேண்டும். சுற்றுப்புறக் குதிரைகளின் நடமாட்டமும் முடக்கப்படும். ஆகவே, பக்கத்துக் கொட்டிலில் புதிதாக வந்து நிற்கும் குதிரைக்குப் பரிசோதனை நடந்ததா என்பது நம் குதிரையின் உயிர்ப் பிரச்னை.

புதிதாக வரும் குதிரையைச் சில வாரங்கள் தனியே வைக்க ஓர் இடம் இருக்கிறதா என்று கேட்டால் பல இடங்களில் மழுப்பலான பதிலே கிடைக்கும். அந்த மழுப்பலையே பதிலாகக் கொள்ளலாம். 2008-இல் ஜம்முவின் கட்ரா பகுதியில் தொடங்கிய குதிரைக் காய்ச்சல் பல மாநிலங்களுக்குப் பரவியது, குதிரைகள் பரிசோதனையின்றி இடம் பெயர்ந்ததால்தான். தடுப்பூசி அட்டையில் டெட்டனஸும், குதிரைக் காய்ச்சலும், குடற்புழு நீக்கிய தேதிகளும் இருக்க வேண்டும். அழைத்தால் வரும் கால்நடை மருத்துவரின் பெயரும், இரவில் அவர் எவ்வளவு நேரத்தில் வந்து சேருவார் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். சனிக்கிழமை மாலை குருகிராம் சாலையில் சிக்கியவர்களுக்கு இது புரியும்.

பாடத்தைப் பொருத்தவரை, கற்பிப்பவர் யார் என்பதைப் பார்க்க வேண்டும். தில்லிப் பள்ளிகளில் ஓய்வுபெற்ற குதிரைப் படையினர் பலர் பயிற்றுநர்களாக உள்ளனர். அவர்களது சவாரித் திறன் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால், 20 வயதுச் சிப்பாய்க்குக் கற்பித்த முறையை 8 வயதுச் சிறுமிக்குக் கற்பிப்பதில் பொருளில்லை. அதனை உணர்ந்தவரும் உண்டு, உணராதவரும் உண்டு. பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்பு வேறொரு பிள்ளையின் முதல் பாடத்தை ஓரமாக நின்று பார்க்கலாம். நல்ல பள்ளியில் முதல் நாள் பெரும்பகுதி தரையிலேயே கழியும். குதிரையின் எந்தப் பக்கம் நிற்பது, பின்னால் எப்படிப் போகாமலிருப்பது, எப்படித் துடைப்பது, சேணத்தின் வாரை எப்படிச் சரிபார்ப்பது ஆகியவை முதலில் வரும். ஏறிய பிறகு, நீண்ட கயிற்றின் மறுமுனையைப் பயிற்றுநர் பிடித்திருக்க, குதிரை வட்டமாகச் சுற்றும். முதல் வாரத்திலேயே பாய்ச்சலில் விட்டுக் கைப்பேசியில் படமெடுத்துத் தரும் இடம் பெற்றோரை மகிழ்விக்கக்கூடும்.

தலைக்கவசம் சவாரிக்கென்றே தயாரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். மிதிவண்டிக் கவசமோ, கிரிக்கெட் கவசமோ அதற்கு ஈடாகாது. ஒரு முறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. காலணிக்குச் சிறிய குதிகால் தேவை. இல்லையேல் பாதம் அங்கவடிக்குள் முழுவதும் நுழைந்துகொள்ளும். விழுந்த பிள்ளை குதிரையோடு இழுபட்டுச் செல்வது அவ்வாறுதான் நேர்கிறது.

எந்தக் குதிரையில் ஏற்றுகிறார்கள்? பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் குதிரைகள் மலிவாகக் கிடைப்பதால் பள்ளிகளுக்கு வந்து சேர்வது வழக்கம். முன்னால் ஒன்று ஓடினால் தானும் ஓட வேண்டும் என்று இரண்டு வயதிலிருந்தே பழக்கப்பட்ட விலங்கு அது. மாதக்கணக்கில் மறுபயிற்சி தந்தால் அருமையான குதிரையாகும். தராவிட்டால் தொடக்க நிலை மாணவருக்கு அது ஆபத்து. ஒரே குதிரை நாளில் எத்தனை பாடங்களில் நிற்கிறது என்பதையும் விசாரிக்க வேண்டும். வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டின் விதிகள், வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலை வாங்குவதைத் தடை செய்கின்றன. தில்லியின் மே, ஜூன் மாதங்களில் காலை 9 மணிக்கே அந்த அளவை நெருங்கும் நாட்கள் உண்டு. கோடையில் 8 மணிக்குள் பாடங்களை முடித்துவிடும் பள்ளி, சட்டம் தன்னைக் குறிப்பிடாவிட்டாலும் அதன் நோக்கத்தை மதிக்கிறது.

சொந்தக் குதிரையை விடுபவர்களுக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் இன்றியமையாதது. மாதக் கட்டணத்துக்குள் தீவனமும் படுக்கையும் சாயிஸின் ஊதியமும் மட்டுமா, லாடமும் மருந்தும் அடங்குமா? உரிமையாளர் ஊரில் இல்லாதபோது அறுவைச் சிகிச்சைக்கு யார் சம்மதம் தருவது, எவ்வளவு தொகை வரை? அனுமதியின்றி அக்குதிரையைப் பிறரது பாடத்துக்குப் பயன்படுத்தலாமா? வார நாட்களில் உரிமையாளர் வருவதில்லை என்பது தெரிந்துவிட்டால், அவரது குதிரை பள்ளிக் குதிரையாகிவிடும் என்பது தில்லியில் பலரும் பேசிக்கொள்ளும் குறை. யமுனைக் கரைப் பண்ணையாக இருந்தால், 2023 ஜூலை 13-ஆம் தேதி ஆறு 208.66 மீட்டருக்கு உயர்ந்தபோது அங்கிருந்த குதிரைகள் எங்கே கொண்டு செல்லப்பட்டன, எந்த வாகனத்தில், யாருடைய முடிவின்படி என்று கேட்டறிந்த பிறகே முன்பணம் தருவது நல்லது.

நாட்டில் குதிரைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. 2012 கணக்கெடுப்பில் 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019 கணக்கெடுப்பில் 3.4 லட்சமாயின. பழைய தில்லியின் குதிரை வண்டிகளை 2010-இல் மாநகராட்சி தடை செய்தது. ஒவ்வொரு தொழிலும் குதிரையைக் கைவிடும்போது, வேலை முடிந்த குதிரைக்குப் போக்கிடமும் குறைகிறது. ஆகவே, லாய உரிமையாளரிடம் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு இங்கு பிள்ளைகளுக்குக் கற்றுத் தந்த குதிரை இப்போது எங்கே? பின்புறக் கொட்டிலில் நரைத்த முகத்தோடு நிற்கும் ஒரு கிழக்குதிரையைச் சிலர் பெயர் சொல்லிக் காட்டுவார்கள். சிலர் நல்ல இடத்துக்குக் கொடுத்துவிட்டோம் என்பார்கள். நல்ல இடம் என்பது பெரும்பாலும் திருமண ஊர்வலம். அங்கும் நடக்க முடியாமல் போனால் மேற்கு உத்தரப் பிரதேசத்தின் செங்கல் சூளை.